முதல் பன்னிரண்டு வாளி

சயனைடு புட்டியைப் பட்டுப்புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கடல் கடந்த பெண் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லிப் புடவையை விரித்தார். "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "விஷம்" என்றேன். வேறு என்ன சொல்வது? புட்டியின் மேலேயே மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது. அவர் இரண்டடி பின்வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த ஜவுளி வியாபாரி அதை மொழிபெயர்த்தார்: "மாமியாருக்கா, மாப்பிள்ளைக்கான்னு கேக்கிறாரும்மா."

எனக்கு இரண்டு பேருமே கிடையாது. "தண்ணீருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஒரு மணி நேரம் ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் கொடுத்த கடிதத்தை மூன்று பேர் மாறி மாறிப் படித்தார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். நான் அந்தப் புட்டியைக் குடித்துவிடுவேனோ என்ற சந்தேகம் மட்டும் அந்த அதிகாரிக்குக் கடைசிவரை தீரவில்லை என்று நினைக்கிறேன்.

நான் சென்னையில் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். இலங்கை சுதந்திரம் பெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் குடிதண்ணீர் வழியாக ஈயம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் எவ்வளவு உள்ளே போகின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கொழும்பு டாக்டர் ஒருவர் எங்கள் தலைவரைக் கேட்டிருந்தார். போக வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அடுத்த ஆள் நான். தம்பியின் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியபோது அந்தச் சட்டையை நம்பி வந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிந்தது. மதியம் மூன்று மணிக்கு வாயைத் திறந்தால் புகை வந்தது. எங்கள் ஊரில் மார்கழி என்று சொல்லிக்கொண்டு தலையில் மப்ளர் கட்டித் திரிகிறவர்களை இங்கே கொண்டுவந்து ஒரு நாள் விட வேண்டும். ஸ்டேஷன் கடையில் காப்பி கேட்டேன். "காப்பியா?" என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தேயிலை நடுவில் வந்து காப்பி கேட்கிறவளிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து, கேட்காமலே ஒரு கிளாஸ் சாயத்தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். மூன்றாவது வாயில் எனக்குக் காப்பி மறந்துவிட்டது. இதை எங்கள் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் போன தோட்டம் கந்தப்பளைக்கு மேலே இருந்தது. தங்க இடம் கொடுத்தவர் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிஸ்பென்சர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ பிள்ளை, பாதையிலை கரைச்சல் ஒண்டும் இல்லையே?" என்று பெட்டியை வாங்கினார். அவர் மனைவி சிவபாக்கியம் அம்மாள் என் கால்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உப்பு கொண்டுவந்தார். மேட்டில் நடந்து வந்த அரை மணிக்குள் இரண்டு கால்களிலும் ஏழு அட்டைகள். உப்பைத் தூவினால் தானாக விழுந்துவிடுகின்றன. அதன் பிறகு ரத்தம் நிற்காமல் ஒழுகுவதுதான் வேடிக்கை. அன்று இரவுச் சாப்பாடு புட்டும், மிளகாய் இடித்துச் செய்த கட்டச் சம்பலும். சம்பல் காரத்தில் கண்ணீர் வந்தது. அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் இன்னும் இரண்டு கரண்டி வைத்தார்.

மறுநாள் விடியுமுன் வேலையை ஆரம்பித்தேன். தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட ஓட்டு வீட்டை லயம் என்கிறார்கள். நான் பார்க்க வேண்டிய லயத்தில் பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டு குடும்பங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அதை அவர்கள் பீலி என்கிறார்கள். நான் போனபோது மணி நாலே முக்கால். பனியில் பீலி இருக்கும் இடமே தெரியவில்லை. யாரும் வருமுன், ராத்திரி முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து மருந்தகத்தில் வைத்துவிட்டு, விடிந்த பிறகு மறுபடி லயத்துக்கு வந்தேன். என் கணக்கு எளிமையானது. காலையில் இந்தத் தண்ணீரில்தான் தேநீர் போடுவார்கள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது எடுத்துப் போவதும் அந்தத் தேநீர்தான். ஆகவே இவர்கள் உடம்புக்குள் போவது இந்தத் தண்ணீர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தண்ணீரில் உலோகம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை ஒரு மனிதன் நாள் ஒன்றுக்கு எவ்வளவு உள்ளே தள்ளுகிறான் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்காக வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெரிய பிளாஸ்டிக் போத்தல்கள் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் பெரியவர் ஒருவர் தண்ணீரோ தேநீரோ எவ்வளவு குடிக்கிறாரோ, அதே அளவு தண்ணீரைக் குடிக்கிற பானையிலிருந்தே எடுத்துப் போத்தலிலும் ஊற்றி வைக்க வேண்டும். மறுநாள் வந்து வாங்கிக்கொள்வேன். பிளாஸ்டிக் போத்தலை அங்கே பலர் அப்போதுதான் முதல் தடவை பார்த்தார்கள். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுகிற அந்தப் பொருளை ஒவ்வொருவரும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்த பிறகுதான் நான் பேச முடிந்தது.

லயத்து நாலாவது அறையில் இருந்தவள் ராசம்மா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. பேச ஆரம்பித்ததும் எனக்கு ஆச்சரியம். இலங்கைத் தமிழ் என்றால் கனகசபையின் தமிழ் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இவள் பேச்சு அசல் எங்கள் திருச்சிப் பக்கத்துப் பேச்சு.

"நாங்க குடிக்கிறதை நீங்க கொண்டுபோயி என்னங்க பண்ணுவீங்க?"

"அளந்து பார்ப்பேன்."

"தொரை கொழுந்தை அளக்குறாரு. தண்ணியை அளக்க ஆளில்லாம கெடந்துச்சு. இப்ப நீங்க வந்துட்டீங்க." துரை என்றால் தோட்டத்து மானேஜர். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் ஒரு தட்டில் தேங்காய் போட்ட தடித்த ரொட்டி வந்துவிட்டது. நம் ஊர் சப்பாத்தியை நினைத்துக்கொண்டு பிய்த்தேன். அது அசையவில்லை. இரண்டு கையும் வேண்டும். ஒன்று தின்றால் மத்தியானம் வரை வேறு எதுவும் கேட்காது. மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அதுதான் சரி.

சாயங்காலம் மருந்தகத்தின் ஒரு மூலையில் என் கண்ணாடிக் குழாய்களை அடுக்கினேன். என்னிடம் ஒரு பச்சைக் கரைசல் உண்டு. ஈயம் பட்டால் அது சிவப்பாக மாறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு ஈயம். செம்பும் துத்தநாகமும் ஊடே புகுந்து நிறத்தைக் கெடுக்காமல் தடுக்கத்தான் அந்தச் சயனைடு. காலையில் பிடித்த தண்ணீரை விட்டுக் குலுக்கினேன். பச்சை போய் இலந்தைப் பழச் சிவப்பு வந்தது. இன்னொரு தடவை செய்தேன். அதே சிவப்பு. மழைத்தண்ணீர் மாதிரி மென்மையான மலைத்தண்ணீருக்கு ஈயக் குழாயை அரிக்கும் குணம் உண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் இந்த அளவுக்கு நான் எதிர்பார்க்கவில்லை.

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். வீட்டுப் போத்தல்கள் வந்து சேர்ந்த பிறகு பேசியிருக்க வேண்டும். ஆனால் கனகசபை பக்கத்தில் நின்று, "என்ன பிள்ளை, நிறம் மாறுது?" என்று கேட்டார். "ஈயம். நிறைய இருக்கிறது. குழந்தைகளுக்கு நல்லதே இல்லை" என்று கொட்டிவிட்டேன். புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் எனக்கு நாக்கு நிற்காது. அவர் முகம் மாறியது. "அறிஞ்சுகொண்டு நான் துரைக்குச் சொல்லாமல் இருக்கேலாது பிள்ளை. நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஒண்டு நடந்தால் என்னைத்தான் கேப்பினம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை போத்தல்களை வாங்க லயத்துக்குப் போனேன். பன்னிரண்டில் பதினொன்று ஒழுங்காக இருந்தன. கடைசி அறைப் பெரியவருடைய போத்தலில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. விசாரித்தேன். "நான் என்னென்ன குடிக்கிறேனோ அதே அளவு போத்தல்லயும் ஊத்தச் சொன்னீங்களே" என்றார். கனகசபை கொடுத்த இருமல் மருந்திலும் வேளாவேளைக்குப் பாதியைப் போத்தலில் ஊற்றியிருக்கிறார். அரை மருந்துதான் குடித்ததால் இருமல் நிற்கவில்லையாம். அவ்வளவு நேர்மையான மனிதரை நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.

போத்தல்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு திரும்பும்போது தோட்டத்து ஆள் ஒருவர் கம்பியும் குறடுமாக எதிரே வந்தார். மேலே தொட்டியில் இருக்கும் திருகைப் பூட்டிக் கம்பி கட்டப்போகிறாராம். துரை உத்தரவு. புதுக் குழாய் வரும் வரை பீலி மூடப்படும். புதுக் குழாய் எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வருமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார்.

பீலி இல்லை என்றால் வேறு தண்ணீர்? கனகசபையிடம் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கீழே ஓடும் ஆற்றைக் காட்டினார். மேல் தோட்டத்து லயங்களின் சாக்கடையும் மாட்டுப் பட்டியின் கழிவும் கலந்து வருகிற ஆறு. பீலி வருவதற்கு முன்பு அந்த லயத்தில் குடித்தது அதைத்தான். "வயித்தோட்டம் தொடங்கினால் நிக்காது. வருசத்துக்கு ரெண்டு, மூண்டு குழந்தையள் போகும்" என்றார். கூடவே, "ராசம்மாவின்ரை மூத்த பிள்ளையும் அப்பிடித்தான்" என்றார்.

நான் சொன்ன ஒரு வார்த்தையால் பன்னிரண்டு வீட்டுக் குழந்தைகளும் அந்த ஆற்றுத் தண்ணீருக்குப் போகப்போகிறார்கள். ஈயம் மெதுவாகக் கெடுக்கும், வருஷக்கணக்காகும். ஆற்றுத் தண்ணீருக்கு இரண்டு நாள் போதும். மத்தியானம் மருந்தகத்திலிருந்து பார்த்தபோது ஆற்றுச் சரிவில் குடத்தோடு ஐந்தாறு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடவில்லை. சிவபாக்கியம் அம்மாள் இடியாப்பத் தட்டை இரண்டு தடவை கொண்டுவந்து இரண்டு தடவை எடுத்துப் போனார்.

கையைக் கட்டி உட்கார்ந்திருக்க முடியாமல் வீட்டுப் போத்தல்களைப் பரிசோதிக்க ஆரம்பித்தேன். முதல் போத்தல்: பச்சை அப்படியே பச்சை. கரைசல் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். முந்தின நாள் தண்ணீரில் மிச்சம் இருந்ததைச் சோதித்தேன். நன்றாகச் சிவந்தது. இரண்டாவது போத்தல், மூன்றாவது போத்தல், இருமல் மருந்துப் போத்தலை விட்டுவிட்டால் பதினொன்றும் அநேகமாகப் பச்சை. ஓரத்தில் ரோஜாச் சாயல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. செம்பும் துத்தநாகமும்கூட அஞ்சும்படி இல்லை.

ஒரே பீலி. ஒரே நாள். நான் பிடித்தது சிவப்பு, அவர்கள் தந்தது பச்சை. இது எப்படி? எனக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. வந்திருப்பவள் இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி, அவளுக்குக் குழாய்த் தண்ணீரைக் கொடுப்பதா என்று எங்கேயாவது நல்ல ஊற்றிலிருந்து கொண்டுவந்து நிரப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் அதுதான் நடந்திருக்கும். மழை பெய்யப் பெய்யக் குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

ராசம்மா அறைக்கு முன்னால் உள்ள சின்னத் தாழ்வாரத்தில் ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"போத்தல்ல ஊத்தினது ஊத்துத் தண்ணியா ராசம்மா? எனக்காகக் கொண்டாந்தீங்களா?"

"ஊத்துக்குப் போயிட்டு வர ஒரு மணி நேரமாகும். பெரட்டுல பேரு குடுத்துட்டு மலைக்கு ஓடறவளுக்கு அதுக்கு ஏதுங்க நேரம்?" என்றாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தைத்தான் பெரட்டு என்கிறார்கள். "பீலித் தண்ணிதான் ஊத்துனோம். எங்க தண்ணியில விஷம்னு தொரைகிட்ட சொன்னீங்களாமே. இந்தப் பீலி வந்து அஞ்சு வருசம் ஆச்சு. வந்ததுக்கப்புறம் இந்த லயத்துப் புள்ளைக்குன்னு ஒரு குழி வெட்டலைங்க. அதுக்கு முந்தி என்னா நடந்துச்சுன்னு யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

குடையை மடக்கி வைத்துவிட்டு, விடியுமுன் வந்து தண்ணீர் பிடித்ததையும் அது சிவப்பாக மாறியதையும் சொன்னேன். அவள் வடிகட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மொதத் தண்ணியவா புடிச்சீங்க?"

"ஆமாம்."

"அட ஏங்க, மொதத் தண்ணிய யாருங்க குடிக்கிறா?" என்று அவள் சொன்ன விதத்தில், சோற்றுக்குப் பதில் உமியைத் தின்றவளைப் பார்க்கிற பார்வை இருந்தது.

அப்புறம் அவள் விளக்கினாள். பீலி வந்த புதிதில் விடிகாலையில் யார் குடம் முதலில் என்று தினமும் சண்டை. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், ஆகவே யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு நாள் குடம் உடைந்தது. இன்னொரு நாள் மண்டை உடைந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் பெண்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் தண்ணீர் எந்த வீட்டுக்கும் கிடையாது. அறைக்கு ஒரு வாளி வீதம் முதல் பன்னிரண்டு வாளியும் லயத்து வாசல் தெளிக்க. ஒரு நாளைக்கு ஒரு வீட்டு முறை. முறைக்காரி முதலில் வந்து பன்னிரண்டு வாசலுக்கும் அவளே தெளித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் குடத்தைப் பீலியடியில் வைக்கலாம். அதற்குள் எல்லோரும் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள், சண்டை இல்லை.

எனக்கு அந்த மழையில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ராத்திரியெல்லாம் ஈயக் குழாயில் ஊறிய தண்ணீர் முழுவதும் வாசலுக்குப் போய்விடுகிறது. குடத்துக்கு வருவது தொட்டியிலிருந்து நேராக ஓடி வரும் புதுத் தண்ணீர். வாய்ப்பேச்சு வளர்ந்து அடிதடியில் முடிந்த ஒரு சண்டை, யாருக்கும் தெரியாமல் ஐந்து வருஷமாக இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. நானோ விடியுமுன் எழுந்து, முறைக்காரி வருமுன் வந்து, யாரும் குடிக்காத தண்ணீரைப் பிடித்துப் பரிசோதித்துவிட்டு ஊரைக் கலக்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே துரை பங்களாவுக்குப் போனேன். துரை வெள்ளைக்காரர், நெட்டையான மனிதர், பேச்சில் மரியாதை குறைவில்லை. மெல்லிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வெள்ளரிக்காய் வைத்துக் கொடுத்தார். பசியில் ஆறு தின்றேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "ஈயம் என்ற வார்த்தை என் காதில் விழுந்தபின் நான் பேசாமல் இருக்க முடியாது. நேற்று இருக்கிறது என்றீர்கள். இன்று இல்லை என்கிறீர்கள். நாளைக்கு என்ன சொல்வீர்கள்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். அந்த ஈயக் குழாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பங்களாவுக்கு இரும்புக் குழாய் போட்டபோது பழையது நல்ல நிலையில் இருந்தது. வீணாக்காமல் லயத்துக்குப் போட்டோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திருகு அவர் கையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு காலை பீலியைத் திறந்துவிடுங்கள், ஒவ்வொரு வாளியாகச் சோதித்துக் காட்டுகிறேன் என்றேன். "நாளை மறுநாள் காலை. அதற்குப் பிறகு நான் கேட்க மாட்டேன்" என்றார்.

ஒரு நாள் இடையில் விட்டாரே என்று மனதுக்குள் நன்றி சொன்னேன். ஏனென்றால் என் பச்சைக் கரைசலைக் குளோரோபாரத்தில்தான் கலக்க வேண்டும், பன்னிரண்டு வாளிகளைச் சோதிக்க என்னிடம் அது போதாது. நாலாம் நாள் நுவரெலியாவுக்கு ஓடினேன். மருந்துக்கடையில் கிடைத்தது. திரும்பி வரும்போது கந்தப்பளை ஏற்றத்தில் பஸ் இருமி, முனகி, நின்றேவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளின வேகத்தில் என் பையிலிருந்த புட்டியின் தக்கை நெகிழ்ந்து குளோரோபார வாடை கிளம்பியது. எனக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த சிங்களக் கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு எதையோ சொன்னாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "ஆஸ்பத்திரியத் தூக்கிட்டு வந்திருக்கீங்களான்னு கேக்குறா."

பஸ் அசையவில்லை. ஒரு காய்கறி லாரி வந்தது. டிரைவரும் வாடையைப் பிடித்துவிட்டு, என்னை முன்னால் ஏற்றிக்கொண்டால் தான் தூங்கிவிடுவேன் என்று கையால் சைகை காட்டினார். ஆகவே பின்னால், லீக்ஸ் கட்டுகளின் மேல், புட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் ஊரில் கண்ணால்கூடப் பார்த்திராத காய் அது. வெங்காயத்துக்கும் வாழைத்தண்டுக்கும் பிறந்தது போல இருக்கும். கந்தப்பளையில் இறங்கியபோது என்மேல் அடித்த வாடையைத் தாங்க முடியாமல் கடைவீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், எனக்கு ரொட்டியையும் பருப்பையும் கடைக்கு வெளியிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அப்படியும் ருசியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் விடியுமுன் பீலியடியில் கூட்டம். துரையே வந்திருந்தார், தொப்பியும் கைத்தடியுமாக. கனகசபை லாந்தர் பிடித்தார். இரண்டு ராத்திரி மூடிக்கிடந்த குழாய். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஈயம் ஊறியிருக்கும் என்று எனக்கு உள்ளூரப் பயம். அன்றைக்கு முறை ராசம்மாவுடையது. அவள் என்னைப் பார்க்காமலே வாளியை வைத்தாள். ஒவ்வொரு வாளியிலிருந்தும் நான் கொஞ்சம் எடுத்துக்கொண்டதும் அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு வாசலைத் தெளித்துவிட்டு வந்தாள். பன்னிரண்டாவது வாசல் முடிந்ததும் முதல் குடத்திலிருந்தும் எடுத்தேன்.

மருந்தகத்தில் வரிசையாகப் பதின்மூன்று கண்ணாடிக் குழாய்கள். துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் வாளி ரத்தச் சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் சிவப்பாகவே வந்ததும் கனகசபை என் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளி வைத்தார். நாலாவது கொஞ்சம் வெளுத்தது. ஐந்தில் ரோஜா. ஆறில் பச்சை தலைகாட்டியது. எட்டாவதிலிருந்து பச்சை, பச்சை, பச்சை. பதின்மூன்றாவது, அதாவது குடத்துத் தண்ணீர், என் சுத்தமான தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. நான் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

துரை குனிந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். எட்டாவதிலிருந்து திரும்ப முதலாவதுக்கு வந்தார். "இதை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "யாரும் இல்லை. குடச் சண்டை" என்றேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை. பீலியைத் திறந்தே வைக்கலாம், முதல் பன்னிரண்டு வாளியை யாரும் குடிக்கக் கூடாது, பகலில் நெடுநேரம் மூடியிருந்தாலும் அதே மாதிரி ஓடவிட வேண்டும், ஈயக் குழாயை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் போட வேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அந்த இடத்திலேயே புதுக் குழாய் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். மூன்று மாதம் கழித்துக் குழாய் மாற்றியாகிவிட்டது என்று கனகசபை சென்னைக்குக் கடிதம் போட்டார்.

இரண்டு நாள் ஆற்றுத் தண்ணீரில் யாருக்காவது வயிறு கெட்டதா என்று அன்று பகல் முழுக்க வீடு வீடாகக் கேட்டேன். வடிகட்டிக் காய்ச்சித்தான் கொடுத்தார்களாம். ஒரு பையனுக்கு மட்டும் லேசாக வயிற்றுவலி. அதுவும் பச்சைப் பேரிக்காய் தின்றதால் என்று அவன் அம்மாவே அவன் முதுகில் ஒன்று வைத்துச் சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ராசம்மாவிடம் போகத்தான் கால் வரவில்லை. சாயங்காலம் அவள் மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்துவிட்டு, குழந்தையைப் பீலியடியில் நிறுத்திக் கை கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "தண்ணீரில் ஒன்றும் இல்லை ராசம்மா. தாராளமாகக் குழந்தைக்குக் கொடு. என் மேல்தான் தப்பு, கேட்காமல் பேசிவிட்டேன்" என்றேன்.

அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அதற்குப் புகட்டினாள். குழந்தை குடித்து முடித்து மூச்சு வாங்கும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தண்ணி நல்ல தண்ணின்னு எங்களுக்குத் தெரியுமுங்க" என்றாள் ராசம்மா. "உங்களுக்கு எப்புடியாச்சும் தெரிஞ்சிரணுமேன்னுதான் மூணு நாளா சாமி கும்புட்டுக்கிட்டுக் கெடந்தேன்."